போடி வீட்டு எலெக்ட்ரிக் அடுப்பும் நான் பட்ட பாடும்

மோட்டாருக்குச் செம்புக்கம்பிக் காயில் கட்டிப் பிழைக்கிறவனுக்குப் பெரிய தொல்லையே, வயர் தொங்குகிற எதையும் இவன் சரி பண்ணிவிடுவான் என்று ஊர் நம்புவதுதான். மிக்சி, கிரைண்டர், ஃபேன் என்று குனிந்து குனிந்தே இடுப்பொடிந்த என் சகாக்களே, இந்த வயிற்றெரிச்சலை உங்களிடம் கொட்டாமல் வேறு யாரிடம் கொட்டுவேன்?

ஜீப்பில் வந்த பூதம்

கிருபா அக்கா போடியில் ஒரு ஏலக்காய் வியாபாரக் குடும்பத்து மருமகள். கணவர் தவறிவிட்டார். முன்கட்டில் கொழுந்தன் துரைராஜ் அண்ணாச்சியின் ஏலக்காய்க் கடை. பின்கட்டுச் சமையலறை ஒன்றுதான் அக்காவுக்கென்று இருப்பது. அதில் கேக் போட்டு விற்று, யார் கையையும் எதிர்பார்க்காமல் இருக்க வேண்டும் என்பது அவர் ஆசை. மலைமேல் எஸ்டேட் பங்களா ஒன்றை இடிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, அங்கே கிடந்த வெள்ளைக்காரன் காலத்து எலெக்ட்ரிக் அடுப்பை ஜீப்பில் ஏற்றிக் கொண்டுவந்து இறக்கிவிட்டார். மேலே சூடேறுகிற நாலு இரும்புத் தட்டு, கீழே கேக் வேகிற ஓவன், பீரோ கனம்.

கம்பம் ஊரில் இருக்கும் என் கடையிலிருந்து நான் போய் நின்றதும் அண்ணாச்சியும் வந்து நின்றார். அக்காவைப் பார்த்துப் பேசினாலும் சொன்னதென்னவோ என் காதுக்குத்தான். “மதினி, கிறிஸ்மஸுக்குள்ள இது எரிஞ்சா இந்த ரூம் உங்களுக்கு. எரியலைன்னா பழைய இரும்புக்குப் போட்டுட்டு நான் இங்க ஏலக்காய் மூட்டையை அடுக்கிருவேன். தம்பி, நீங்கதான் சாட்சி.”

உள்ளே குடியிருந்தவர்கள்

பின்தகட்டைக் கழற்றினேன். சூடு வெளியே போகாமல் இருக்க அடைத்திருந்த பஞ்சுக்குள் ஒரு எலி, குஞ்சுகளோடு சம்சாரம் நடத்திக்கொண்டிருந்தது. துணி சுற்றிய வயரெல்லாம் தொட்ட மாத்திரத்தில் பொடிப்பொடியாக உதிர்ந்தது. சுவிட்சுகள் துருவில் இறுகிப்போய் ஒன்றுகூடத் திரும்பவில்லை. எனக்கு அப்போதே ஓடிவிடலாம் போலிருந்தது. அக்கா டீயைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, “சரியாயிரும்ல?” என்று கேட்டபோது வாய் தானாக “ஆயிரும்க்கா” என்றது. இந்த வாயை என்ன செய்ய?

ஓவன் கதவின் கீலைப் பற்றவைக்க, என் கடைக்குப் பக்கத்தில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் முருகேசனைக் கூட்டிப்போயிருந்தேன். அவன் எட்டிப் பார்த்துவிட்டு என் காதில் சொன்னான். “ஏலே, இதுல உசுரோட இருக்கது எலி மட்டுந்தான். அதைக் காப்பாத்திட்டுக் கிளம்புவோம் வா.”

மதுரையில் கேட்டது

ஓவனுக்குள் இருந்த சூட்டுக் கம்பி நடுவில் எரிந்து அறுந்திருந்தது. அதைக் கழற்றித் துண்டில் சுற்றி, மதுரைக்கு பஸ் ஏறினேன். ஒவ்வொரு கடையிலும் வாங்கிப் பார்ப்பார்கள், பக்கத்துக் கடைக்காரரையும் கூப்பிட்டுக் காட்டுவார்கள், சிரிப்பார்கள், திருப்பித் தருவார்கள். கடைசியில் ஒரு பட்டறைக்காரர் மட்டும் அளவெடுத்து, அதே வளைவில் புதுக்கம்பி செய்து தருகிறேன் என்றார். எனக்கு அவர் காலில் விழலாமா என்றிருந்தது. பழைய கம்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு அவர் கேட்டார். “இந்த அடுப்புல சமைச்சவுக ஒருத்தராவது இன்னும் உசுரோட இருக்காகளா?”

தெருவே இருண்டது

புது வயர், சுவிட்ச், கம்பி எல்லாம் மாட்டி, சாமி கும்பிட்டு, சுவிட்சைப் போட்டேன். தட்டு சிவக்கவில்லை. தெருதான் இருண்டது. எங்கேயோ டிவி நின்றது, எங்கேயோ பிள்ளைகள் ஓவென்று கத்தினார்கள். ஃபியூஸ் போட மின்கம்பத்தில் ஏறிய லைன்மேன் மேலிருந்தே என்னை ஏசித் தீர்த்தார். அந்த வீட்டு ஒற்றை பேஸ் லைன் இந்தப் பூதத்துக்குத் தாங்காது. அண்ணாச்சி கடையில் ஏலக்காய் சுத்தம் பண்ணுகிற மிஷினுக்கு த்ரீ பேஸ் இருக்கிறது. அதிலிருந்து இழுத்தால்தான் உண்டு.

அக்கா போய்க் கேட்டார். ஆச்சரியம், அண்ணாச்சி மறுக்கவே இல்லை. “இழுத்துக்கிடுங்க மதினி, நம்ம வீடுதான. மீட்டரு என் பேருலதான இருக்கு.”

வேகாத கேக்

முதல் கேக். போனில் பார்த்த செய்முறையில் நூற்றெண்பது என்று போட்டிருந்தது. ஓவனின் சூட்டு முள்ளை நூற்றெண்பதில் வைத்தோம். ஒரு மணி நேரம் கழித்துத் திறந்தால் மாவு தளதளவென்று ஆடுகிறது. அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. அண்ணாச்சி உள்ளே கையை நீட்டிப் பார்த்துவிட்டு, “சூடு ஒரே சீரா நிக்குதே. இன்னும் கம்மியாவும் நிக்குமா?” என்றார். நொந்து கிடந்தவனிடம் ஒருவர் வேலையை மெச்சினால் எப்படி இருக்கும்? முள்ளைக் கீழே இறக்கி, கதவை ஒரு விரல் திறந்து வைத்து, இளஞ்சூடு எப்படி நிற்கிறதென்று காட்டினேன்.

அப்புறம்தான் மண்டையில் உறைத்தது. செய்முறை சொன்னது செல்சியஸ், அடுப்பு முள்ளோ பழைய ஃபாரன்ஹீட் கணக்கு. முந்நூற்றைம்பதுக்கு ஏற்றினோம். அடுத்த கேக் பொன்னிறத்தில் பொங்கி வந்தது. அக்கா சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். அண்ணாச்சி ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டு சொன்னார். “சொன்ன சொல்லு மாற மாட்டேன் மதினி. ரூம் உங்களுக்குத்தான்.”

ரூம் அக்காவுக்குத்தான்

ஒரு வாரம் கழித்து, மேல்தட்டு ஒன்றைச் சரிபார்க்கப் போனேன். மழை விடாமல் பிடித்திருந்தது. சமையலறையில் கேக் வாசனை இல்லை. ஓவனுக்குள் எட்டிப் பார்த்தால் தட்டுத் தட்டாக ஏலக்காய். மழையில் ஈரம் ஏறிய காயை ஏலத்துக்கு முன்னால் உலர்த்தி எடுக்கிறார்களாம். முள் நான் காட்டிக் கொடுத்த அதே இடத்தில் நின்றது, கதவும் ஒரு விரல் திறந்திருந்தது. ஒரு தட்டு உலர்ந்தால் அடுத்தது தயார். ராப்பகலாக அடுப்புக்கு ஓய்வே இல்லை. கிறிஸ்மஸுக்குக் கேக் சொன்னவர்களிடம் முடியாது என்று அக்கா சொல்லிவிட்டாராம்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “சொன்ன சொல் என்னாச்சு அண்ணாச்சி?” என்று கடையில் போய்க் கேட்டேவிட்டேன். “ஒரு மூட்டை உள்ள வந்துருக்கா, பாருங்க. ரூம் சாவிகூட அவுககிட்டதான் இருக்கு. கரண்டு மட்டுந்தான தம்பி என்னோடது? அதுல மொதல்ல என் காய் காயட்டும்.” என்றார், முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லாமல்.

திரும்பி உள்ளே வந்தேன். அக்கா குனிந்து, தட்டை வெளியே இழுத்து, காயைக் கையால் கிளறிப் புரட்டிவிட்டு, மறுபடி உள்ளே தள்ளினார். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. “நல்லாத்தான் சரி பண்ணிருக்கீக தம்பி. இப்ப அதுவும் அவருக்கு வேலை பாக்குது, நானும் பாக்குறேன்.”

கரண்டு வருகிறதா என்று பார்க்க என் சட்டைப்பையில் டெஸ்டர் இருக்கிறது, அது யாருக்குப் போய்ச் சேரும் என்று பார்க்கத்தான் எங்கள் தொழிலில் ஒரு சாமானும் இல்லை.