பங்களா முற்றத்துப் பட்டணத்தில் ஒன்பது குழிகள்

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு நானும் அக்காவின் கணவர் செல்லத்துரை அத்தானும் உருத்திரபுரத்திலிருந்து புறப்பட்டோம். கிளிநொச்சி வரை சைக்கிள். அங்கிருந்து வவுனியாவுக்குப் பஸ், ஏறக்குறைய ஐம்பது மைல். அத்தானின் நெல் கதிர் தள்ளும் பருவத்தில் நின்றது. வாய்க்காலின் கடைசி வயல் அவருடையது. மூன்று கிழமையாகத் தண்ணீர் எட்டிப் பார்க்கவில்லை. இன்னும் ஒரு கிழமை இப்படியே போனால் வைக்கோல்தான் மிஞ்சும். நீர்ப்பாசனப் பெரிய எஞ்சினியரை நேரில் கண்டு கேட்பதென்று முடிவு. நான் வாத்தியார் என்பதால், இங்கிலீஷ் கதைப்பதற்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனார்.

பன்னிரண்டரைக்கு வவுனியாவில் இறங்கினோம். நேரே அவருடைய அலுவலகத்துக்குப் போனோம். கந்தோரில் எஞ்சினியர் இல்லை.

"மூண்டு மணிக்குப் பங்களாவுக்குப் போங்கோ. ஐயா விளையாடிக்கொண்டிருப்பார், பயப்பிடாதேங்கோ" என்றார் பியோன்.

பயப்பட வைக்கும் விளையாட்டு என்னவாக இருக்கும் என்ற யோசனையில், கடைத்தெருவில் சாப்பிட்ட மீன்குழம்பின் ருசிகூடத் தெரியவில்லை.

மூன்று மணிக்குப் பங்களா வாசலில் நின்றோம். முற்றத்தில் இடுப்பளவு உயரத்தில் ஒரு பட்டணம்! கல்வாசல், கோபுரம் வைத்த தேவாலயம், மணிக்கூட்டுக் கம்பம், ஓடும் தண்ணீருக்கு மேலே பாலம். எஞ்சினியர் சீமையில் படித்த பழைய நகரமாம்; நினைவு தாங்காமல் மேசன்மாரைக் கொண்டு கட்டுவித்திருக்கிறார். ஒவ்வொரு கட்டடத்தின் காலடியிலும் ஒரு குழி, மொத்தம் ஒன்பது. அரைக்காற்சட்டையோடு வந்த எஞ்சினியர், நாங்கள் வாய் திறக்கமுன்னமே ஆளுக்கொரு வளைந்த தடியைத் தந்தார். நல்ல தமிழ் கதைத்தார். என் இங்கிலீஷுக்கு அங்கே வேலையே இருக்கவில்லை.

"இது கோல்ஃப், சின்னக் கோல்ஃப். பந்தைக் குழிக்குள்ள விழுத்தவேணும்."

"விழுந்தால் ஐயா?" அத்தான் கேட்டார்.

"அடுத்த குழிக்குப் போறது."

"ஒன்பதும் முடிஞ்சால்?"

"திரும்ப முதலில இருந்து."

அத்தான் என்னைப் பார்த்தார். எனக்கும் ஒன்றும் விளங்கவில்லை. இது பரீட்சையா? வென்றால் கோபிப்பாரா, தோற்றால் மதிக்காமல் விடுவாரா? குழம்பிப்போய், என் பந்தைத் தேவாலயத்துக்குள் அடித்து மாட்டிவிட்டேன்.

நான்கு மணியளவில் பாலத்தடிக்கு வந்தோம். எஞ்சினியர் குறிபார்த்து மெல்லத் தட்டினார். பந்து நேரே உருண்டு போய், நிற்காமல் தாண்டித் தண்ணீருக்குள் விழுந்தது. குழியைக் காணவில்லை! அந்த இடத்தில் ஈரக்களி மெழுகியிருந்தது.

"இது ஆரின்ர வேலை?" என்றார் எஞ்சினியர்.

அத்தானின் விரலெல்லாம் சேறு. "நான்தான் ஐயா. நண்டு வளையெண்டு அடைச்சுப்போட்டன்."

வந்த காரியம் கெட்டது என்றே நினைத்தேன்.

"குழியெண்டு சொன்னனான்தானே?"

"சொன்னீங்கள் ஐயா. ஆனால் தண்ணிக்குப் பக்கத்தில ஓட்டையைக் கண்டால் என்ர கை நிக்காது. எங்கட வாய்க்கால் வழிய இப்பிடிக் கனக்கக் கிடக்கு. என்ர வயல் வரம்பில உள்ளதை அடைச்சுப்போட்டன். மேல கிடக்கிறது அரசாங்க வாய்க்கால், தொடக்கூடாதாம். தண்ணியெல்லாம் அதுகளுக்குள்ளால ஒழுகிப் போகுது, அதுதான் எனக்கு வருகுதில்லை."

எஞ்சினியர் சிரிக்கவில்லை. தடியை நீட்டி, "கீறிக் காட்டும்" என்றார். அத்தான் மணலில் வாய்க்காலை வளைவு வளைவாகக் கீறி, பதினோர் இடத்தில் புள்ளி குத்தினார்.

"செவ்வாய்க்கிழமைக்குள்ள எல்லாத்தையும் அடைச்சுப்போடும். நான் கடிதம் தாறன், ஒருத்தரும் மறிக்கமாட்டினம். புதன்கிழமை தண்ணி விடச் சொல்லுறன்."

கடிதத்தை வாங்கிக்கொண்டு வாசல்வரை வந்த அத்தான் திரும்பிப் போனார். பாலத்தடியில் குந்தி, தான் அடைத்த குழியைத் தோண்டத் தொடங்கினார். "இதைத் தோண்ட மனம் வருகுதில்லை, தம்பி" என்றார், உண்மையாகவே வருந்தி.

ஐந்தரை பஸ்ஸில் திரும்பினோம். மாங்குளம் தாண்டியபோது, "விளையாட்டில ஆர் வெண்டது?" என்று கேட்டார். தெரியாது என்றேன். இன்றைக்கும் தெரியாது, அந்தப் பட்டணத்தின் பெயரைக்கூடக் கேட்காமல் வந்துவிட்டேன். புதன்கிழமை பின்னேரம் பள்ளிக்கூடம் விட்டு வயலுக்குப் போனேன். கடைசி வரம்பில் குந்தியிருந்து அத்தான் அழுதுகொண்டிருந்தார். நெல்லின் காலடியில் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது.