கோரேத் தீவுக்காரி ரொகாயா

டக்கார் நகரத்து டிரைவர்களிடம் ரொகாயாவைப் போலத் திட்டு வாங்கியவள் கிடையாது. காரே இல்லாத கோரேத் தீவில் நாற்பது வயதுவரை நடந்த கால்கள் அவளுடையவை. கல்யாணமாகி, டக்காரை ஒட்டிய பிக்கீனுக்கு வந்து மூன்று வருஷமாகியும் ரோட்டின் நடுவில்தான் போகும். போதாக்குறைக்குக் கட்டிக்கொண்டதோ ஒரு டாக்சிக்காரனை.

"ஏண்டி, சாகறதுன்னா வேற எவன் வண்டியிலயாச்சும் விழு. என் லைசென்ஸ் போயிடும்," என்பான் ஜிப்ரில் செக்.

"போய்யா சோத்துமூட்டை. செக் வீட்டு ஆளுங்களுக்கு லைசென்ஸே சோத்துச்சட்டி ஓட்டத்தான் குடுக்கணும்."

அவள் பிறந்த கெய் குடும்பத்துக்கும் அவனுடைய செக் குடும்பத்துக்கும் தலைமுறை தலைமுறையாகக் கேலி முறை; பார்த்துக்கொண்டால் இப்படி ஏசிக்கொள்ளாமல் இருந்தால்தான் தப்பு. கல்யாணம் பண்ணிக்கொண்டதால் மட்டும் அந்தக் கடமை தீர்ந்துவிடுமா என்ன?

நல்லவன்தான். ஆனால் அவன் வீட்டு ஜன்னலைத் திறந்தால் பஸ் புகை. சாயங்காலமானால் அதைச் சாத்திவிட்டு உட்கார்ந்துவிடுவாள். இந்நேரம் தீவில் படகுத்துறைப் பக்கத்து மணலில் நாற்காலிகளைப் போட்டிருப்பார்கள். மூன்றாவது சுற்று டீ கொதிக்கும். யாருக்கும் எங்கேயும் போக வேண்டியிருக்காது. நினைத்தாலே அழுகை வரும்.

அங்கே பிறந்த வீட்டில் அவளுடைய அறை மட்டும் அப்படியே இருந்தது. அதற்கும் இப்போது ஆபத்து வந்துவிட்டது.

"அக்கா, ஒரு ஓவியர் உன் அறையை வாடகைக்குக் கேக்கறாரு," என்று தம்பி உசேனு போன் பண்ணினான். "திங்கக்கிழமை சாமானோட வர்றேங்கறாரு. நீ இனிமே வரப்போறதில்லைன்னா குடுத்துடவா?"

"நேர்ல வந்து சொல்றேன்," என்று வைத்துவிட்டாள். கொடுக்க முடியாது என்று சொல்லத்தான் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை இருவரும் படகேறினார்கள். ஜிப்ரிலுக்குக் கடல் ஆகாது. வழியெல்லாம் கம்பியைப் பிடித்துக்கொண்டு வாந்தி.

தீவில் இறங்கியதும் அவளுக்கு மூச்சே வேறு மாதிரி வந்தது. காகிதப்பூ தொங்கும் சந்தில், நட்டநடுவே, கையை வீசிக்கொண்டு நடந்தாள். பின்னால் கடகடவென்று ஒரு சத்தம். துள்ளிப்போய்ச் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். வந்தது தள்ளுவண்டி, மேலே நாலு மூட்டை வெங்காயம். அவளுக்கே தெரியாமல் அந்த மூன்று வருஷம் அவள் உடம்பில் ஏறியிருந்தது.

வாசலில் தலை பின்னிக்கொண்டிருந்த பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "ஐயோ, நம்ம ரொகாயாவைப் பாருங்கடி! டக்கார்க்காரி ஆயிட்டா!"

அவளும் சிரித்தாள். ஆனால் மத்தியானம் மீன் சோற்றைப் பாதியிலேயே வைத்துவிட்டாள். இனி இங்கே தனக்கு என்ன இருக்கிறது என்று தோன்றிவிட்டது. கை கழுவியதும் தம்பியைக் கூப்பிட்டாள்.

"குடுத்துடுடா," என்றாள்.

சாயங்காலம் வழியனுப்பத் தம்பி துறைவரை வந்தான். படகில் ஏறும்போது வெளியாட்களுக்கு மட்டும்தான் கை கொடுப்பார்கள். தீவுக்காரருக்குக் கொடுத்தால் அவமானம். படகில் வேலை பார்க்கும் தியெர்னோ சின்ன வயசில் அவளோடு இதே துறையிலிருந்து கடலில் குதித்தவன். அவன் ஜிப்ரிலைப் பிடித்து ஏற்றினான். அதே வேகத்தில், யோசிக்காமல், அவளுக்கும் கையை நீட்டினான்.

"பாத்து ஏறு."

அவள் அந்தக் கையைப் பார்த்தாள். பட்டென்று ஓர் அடி விழுந்தது.

"யாருக்குடா கை குடுக்கற?"

அங்கியைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு தானே தாவி ஏறினாள். கயிற்றை அவிழ்த்துவிட்டார்கள். படகு நகர ஆரம்பித்தது.

"உசேனு! அறையைக் குடுக்காதடா!"

"என்னக்கா இது, இப்பத்தானே சரின்னே? நாளைக்கு அந்தாளுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு முழு பலத்தோடு கத்தினாள்.

"அங்க ஆள் இருக்குன்னு சொல்லு!"