அத்தான் அடிக்கவில்லை

தைப்பொங்கல் முடிந்த கையோடு தம்பியின் மகளுக்குக் குழந்தை பிறந்தது. வீட்டுக்கு வந்த சில நாட்களில் அவளுக்குத் தலையிடி — சும்மா தலையிடி இல்லை, சுவரில் தலையை முட்ட வைக்கும் தலையிடி. பிறகு வலிப்பு. கொழும்புக்கு ஓடினோம். மூளையிலிருந்து இரத்தம் திரும்பும் நாளம் ஒன்றில் இரத்தம் கட்டியிருப்பது ஸ்கேனில் தெரிந்தது. மருந்து கொடுத்தார்கள். பிழைத்துவிட்டாள்.

"உங்கட குடும்பத்தில வேற ஆருக்கும் இப்பிடி வந்ததோ?" என்று கேட்டார் டொக்டர். இரத்தம் இலகுவில் கட்டும் தன்மை சில குடும்பங்களில் பரம்பரையாக வருமாம். பிள்ளைப்பேறு அதைத் தூண்டிவிடுமாம்.

எனக்கு அக்காவின் ஞாபகம் வந்தது.

அறுபதுகளின் தொடக்கம். புளியங்குளத்துக்கு உள்ளே, காடு வெட்டி வயலாக்கிய காணியில் அக்காவும் அத்தானும் இருந்தார்கள். முதல் பிள்ளை மகன். பிள்ளைப்பேற்றுத் துடக்குக் கழிய முன்பே அக்காவுக்கு இதே தலையிடி. வலிப்பு வந்து விழுந்ததில் நெற்றி கதவுநிலையில் அடிபட்டது. அத்தான் மாட்டுவண்டியில் ஏற்றி, சந்தியில் பஸ் பிடித்து வவுனியாவுக்குக் கொண்டுபோனார். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அக்கா உயிரோடு இல்லை. நெற்றியில் கன்றிப்போன காயம் மட்டும் தெரிந்தது.

"என்ர பிள்ளையை அடிச்சுக் கொன்றுபோட்டு, தலையிடி எண்டோ கதை சொல்லுறீர்?" என்று அம்மா கத்தினார்.

"நான் கை வைக்கேல்லை மாமி. அவள் வலிப்பு வந்து விழுந்தவள்."

யார் நம்பினோம்? குழந்தையை அம்மா தூக்கி வந்துவிட்டார். அத்தான் வந்து நின்றபோதெல்லாம் வாசல் படலையைத் திறக்கவில்லை. பிறகு அவர் வருவதை விட்டுவிட்டார். அப்பா ஒரு கொலைகாரன் என்று நம்பியே வளர்ந்தான் மகன். இப்போது கனடாவில் இருக்கிறான்.

எங்கள் இரத்தத்தையும் சோதித்தார்கள். அந்தத் தன்மை தம்பிக்கும் இருக்கிறது, எனக்கும் இருக்கிறது. எங்களை ஒன்றும் செய்யாமல் விட்டிருக்கிறது... அவ்வளவுதான். குற்றவாளியை அத்தானின் வீட்டில் தேடினோமே — அது எங்கள் உடம்பில் அல்லவா ஓடிக்கொண்டிருந்தது!

அத்தானைப் பார்க்கப் போனேன். இடம்பெயர்ந்து, திரும்பி வந்து, அதே காணியில் தனியாக இருக்கிறார். மறுமணம் செய்யவில்லை. டொக்டர் சொன்னதையெல்லாம் சொன்னேன். அம்மா இதை அறியாமலே போய்விட்டார் என்றும் சொன்னேன். தன்மேல் கிடந்த பழியைப் பற்றி ஒரு சொல் இல்லை.

"அப்ப என்ர மோனுக்கும் அது இருக்குமோ?" என்றார். "கெதியா ரத்தம் சோதிக்கச் சொல்லும், பிள்ளை."

இந்தத் தகப்பனைத்தான் நாங்கள் அவனுக்கு இல்லாமல் செய்தோம்.