அணைத்த பிறகு ஓடிய காற்றாலை

மாமல்லபுரத்தில் நாங்கள் குடியிருந்த வீட்டு மொட்டைமாடியில் ஒரு குட்டிக் காற்றாலை நின்றது. ஏதோ ஓட்டலில் கழித்துப்போட்ட பழசு. அணு ஆராய்ச்சி ஆபீசில் வேலை பார்த்த என் வீட்டுக்காரர் அதைத் தூக்கிவந்து நட்டுவிட்டு, "இறக்கை சுத்தினா காந்தம் சுத்தும், அது செப்புக் கம்பிச் சுருளைத் தாண்டிப் போறப்போ கரண்ட் வரும், பேட்டரியில ஏறும்" என்று வருகிறவர் போகிறவருக்கெல்லாம் பாடம் நடத்துவார். எனக்கு அது நிற்கிற இடமே பிடிக்கவில்லை. நேர் கீழே பக்கத்து வீட்டு ஆஸ்பெஸ்டாஸ் கூரை. அதற்குள் தூளியில் நாற்பது நாள் குழந்தை.

தொண்ணூறுகளின் கடைசியில் ஓர் ஐப்பசி மத்தியானம், புயல் வருகிறது என்று ரேடியோ சொன்னது. அவர் ஆபீசில். புயல் என்றால் மெயினை ஆஃப் செய்வது நான் பிறந்த வீட்டுப் பழக்கம். பேட்டரிக்குப் போகும் லீவரையும் சேர்த்து இறக்கினேன், பெரிய புத்திசாலி மாதிரி. கொஞ்ச நேரத்தில் மாடியில் காற்றாலை இறக்கையின் ஊளை. கம்பமே கிடுகிடுவென்று ஆடியது. பக்கத்து வீட்டைப் பார்த்துக் கத்தினேன். காற்றில் என் குரல் எனக்கே கேட்கவில்லை.

அவருக்குப் போன் போட்டேன். "ஐயோ, ஏம்மா அணைச்சே? சைக்கிள்ல டைனமோ போட்டா மிதி கனக்கும்ல? அப்படித்தான், பேட்டரி கரண்ட் இழுக்கிறவரைக்கும் இறக்கைக்குக் கனம் இருக்கும். எடுத்துட்டா தலைதெறிக்க ஓடிப் பிச்சுக்கும்!" லீவரைத் திரும்பப் போட்டேன். பட்டென்று ஃபியூஸ் போனது; அதையும் சொன்னேன். "அப்போ மேலேருந்து வர்ற மூணு கம்பியையும் ஒண்ணாச் சேத்துப் பிடி. அந்தக் கரண்டே காந்தத்தைப் பிடிச்சு நிறுத்தும்" என்றார். அத்தோடு லைன் செத்துவிட்டது.

கம்பியோடு கம்பி படவே கூடாது என்று தினமும் தலைப்பாடாய் அடித்துக்கொண்ட மனுஷன்! பதற்றத்தில் மாற்றிச் சொல்கிறாரோ? கூரைக்கடியில் தூங்குகிற அந்தக் குழந்தையை நினைத்துக்கொண்டேன். ரப்பர் செருப்பை மாட்டி, ஸ்டூலில் உட்கார்ந்து, ஸ்விட்ச் பலகையில் துருத்தி நின்ற மூன்று கம்பி முனையையும் பிளாஸ்டிக் பிடி போட்ட குறட்டால் ஒரே நெருக்காக நெருக்கினேன். நீலமாய் ஒரு பொறி. ஊளை இறங்கி முனகலாகி அடங்கியது.

பிடியைத் தளர்த்தப் பயம். விட்டால் மறுபடி ஓடும். அப்படியே உட்கார்ந்திருந்தபோது பக்கத்து வீட்டுக்காரி தலை நனைய ஓடிவந்தாள்.

"அக்கா, எங்க வூட்டு ஷீட்டு படபடன்னு ஆடிக்கினு கீது. உங்க வூடுதான் சேஃப்டி. கொயந்தையப் புடிங்க."

என் கை காலியாக இல்லை. அவள் தலைக்குமேல் காற்றாலையை அவிழ்த்துவிட்டதே நான்தான். பிடியை விடாமல் மடியை மட்டும் விரித்தேன்.

"நல்ல வேளைக்கா, நீங்க பக்கத்துல கீறீங்க" என்று குழந்தையை என் மடியில் கிடத்தினாள்.