பின்னுக்குத் தள்ளிய சீட்

வீட்டில் ஒரு கார் நிற்கும்போது இன்னொன்று எதற்கு என்று எல்லாரும் கேட்டார்கள். கீழ்வீட்டுத் தையல்காரர் கேட்டார், மைத்துனன் கேட்டான், காஸ் சிலிண்டர் தூக்கிக்கொண்டு மாடியேறி வந்தவர்கூட மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டார். பைலட் எல்லாருக்கும் ஒரே பதிலைச் சொன்னார்.

"அவளுக்குக் காலையில ஆறரைக்கு டியூட்டி. எனக்கு சவாரி எப்ப வரும், எங்க வரும்னு தெரியாது. ஒரு வண்டிய வெச்சு ரெண்டு பேரும் என்ன பண்றது?"

பொய்யில்லை. ஆனால் அதற்கு அடியில் இன்னொன்று இருந்தது. ஒரே காரில் அவரும் மனைவியும் சேர்ந்து போக முடியவில்லை. அவர் ஓட்டினால் அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள். அவளை ஓட்டச் சொன்னால், "நீங்க இருக்கும்போது நான் எதுக்கு?" என்று சாவியை அவர் கையில் வைத்துவிடுவாள். அவர் இல்லாத நேரத்தில் மட்டும் ஓட்டுவாள். ஒன்பது மாதமாக இப்படித்தான். ஏன் என்று பைலட்டுக்குப் புரியவில்லை. வயசாகிவிட்டது, சலிப்பு என்று அவராக ஒரு காரணம் வைத்துக்கொண்டார்.

பைலட் என்பது பட்டப்பெயர். வெளிநாட்டில் ஒரு பெரிய வீட்டில் இருபத்திரண்டு வருஷம் கார் ஓட்டிவிட்டு, ஒன்பது மாதத்துக்கு முன்னால்தான் ஒரேயடியாகத் திரும்பி, இங்கே சவாரி ஓட்டத் தொடங்கியிருந்தார். வெளிநாடு போன புதிதில் யாரோ "மாப்பிள்ளைக்கு அங்கே என்ன வேலை?" என்று கேட்க, மாமியார் கௌரவம் விடாமல் "ஓட்டுறார்" என்று மட்டும் சொல்லி வாயை மூடிக்கொண்டார். மிச்சத்தைத் தெரு பார்த்துக்கொண்டது.

அந்தப் பெரிய வீட்டில் ஒரு விதி. கார் சாவி அவர் கையைத் தவிர வேறு கையில் இருக்கக் கூடாது. கீறல் விழுந்தால் பதில் சொல்ல வேண்டியவர் அவர். லீவு முடிந்து திரும்பும்போதெல்லாம், இடையில் ஓட்டிய ஆளிடம் முதல் வேலையாகக் கையை நீட்டிச் சாவியை வாங்குவார். பிறகு சீட்டைத் தன் காலுக்குத் தள்ளுவார், கண்ணாடியைத் திருப்புவார், உள்ளே கிடக்கும் அடுத்தவன் சாமானை எடுத்துப் பின்னால் போடுவார். எல்லாம் அரை நிமிஷம். வண்டி மறுபடியும் அவருடையது.

மனைவி ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்த்தாள். இரண்டு பஸ் மாறிப் போய் இடுப்பு விட்டுப்போன பிறகு, தன் சம்பளத்தில் ஒரு சின்ன சிவப்புக் காரை வாங்கினாள். அதுவும் பழைய வண்டிதான். டிரைவிங் ஸ்கூலில் லைசென்ஸ் கிடைத்ததே ஒழிய தைரியம் கிடைக்கவில்லை. அதைக் கொடுத்தவர் பைலட். சாயங்காலம் ஒரு காலி மைதானத்தில் வண்டியை நிறுத்தி, போனை ஸ்பீக்கரில் போட்டு முன்னால் வைத்துக்கொள்வாள். கடல் தாண்டி அவர் குரல் வரும்.

"கிளட்சை அப்படியே விட்டுடாத. மெதுவா, மாவு சலிக்கிற மாதிரி விடு. சத்தம் கேக்குது எனக்கு. இப்ப விடு. ம். மேடு வந்தா பிரேக்கை ஒரே மிதியா மிதிக்காத. ரெண்டு தரம் தொட்டுட்டு அப்புறம் மிதி. பின்னாடி வர்றவனுக்கு முன்கூட்டியே தெரியணும்."

"பின்னாடி யாருமே இல்லீங்க. ஒரு நாய்தான் நிக்குது."

"நாய்க்கும் தெரியட்டும்."

அப்படிக் கற்றுக்கொண்டு ஏழு வருஷம் ஓட்டினாள். அவள் ஓட்டிக் கேட்டிருக்கிறாரே தவிர, பைலட் பார்த்ததில்லை. லீவில் வரும் முப்பது நாளும் அவரே ஓட்டுவார். அவளும் விருந்தாளி சந்தோஷப்படட்டும் என்று விட்டுவிடுவாள்.

இப்போது மூன்று வாரமாகப் பழைய கார் பார்த்துக்கொண்டிருந்தார்கள். டைல்ஸ் கடைக்குப் பின்னால் தகரம் போட்ட ஒரு யார்டு. அங்கே ஏழு கார் பார்த்தாயிற்று. பைலட் ஒரு காரைப் பார்க்க ஒரு மணி நேரம் எடுத்துக்கொள்வார். கதவு ரப்பரை உரித்துப் பார்ப்பார், கார்ப்பெட்டைத் தூக்கி முகர்ந்து பார்ப்பார், பானட் திருகுகளில் ஸ்பானர் பட்ட தடம் இருக்கிறதா என்று தேடுவார். மீட்டரை மட்டும் கடைசியில்தான் பார்ப்பார்.

"நாப்பதாயிரம்தாண்ணே ஓடியிருக்கு" என்றார் புரோக்கர், ஒரு சாம்பல் நிறச் சின்னக் காரைத் தட்டி.

"பெடல் ரப்பர் எழுபதுன்னு சொல்லுதே தம்பி."

"அண்ணே, நீங்க கார் வாங்க வந்தீங்களா, ஜாதகம் பார்க்க வந்தீங்களா?"

பைலட் கியர்த் தலையைத் தடவினார். ஒரு பக்கம் மட்டும் வழவழவென்று தேய்ந்திருந்தது. "ஓட்டினவர் கைய கியர் மேலேயே வெச்சிருந்திருக்கார். ஆள் குள்ளம். பயந்த சுபாவம்." சீட் தண்டவாளத்தைக் காட்டினார். முன்கோடியில் மட்டும்தான் துரு இல்லாமல் இருந்தது.

மனைவி பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். "கல்யாணத்துக்கு முன்னாடி என்னைக்கூட இவ்வளவு நேரம் பார்க்கலை நீங்க."

"உனக்கு மீட்டர் இல்லையே."

"இருந்திருந்தா எங்க வீட்டுலயும் திருப்பித்தான் வெச்சிருப்பாங்க."

எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். ரொம்ப நாளைக்கு அப்புறம் என்று பைலட் கவனித்தார்.

புரோக்கருக்கு அந்தச் சிரிப்பில் ஒரு யோசனை வந்தது. "அந்த சிவப்பு வண்டியையும் தள்ளிவிட்டுட்டு, ஒரே பெரிய வண்டியா எடுத்துக்குங்களேன். ரெண்டு எதுக்கு?" சொல்லிக்கொண்டே மெக்கானிக்கைக் கூப்பிட்டு, சிவப்புக் காரை ஒரு சுற்று ஓட்டிப் பார்க்கச் சொன்னார். மெக்கானிக் போய்விட்டு வந்து, இறங்காமலே கதவைத் திறந்து தலையை நீட்டினார்.

"கிளட்ச் மாத்துனதே இல்லையா இதுல? எண்பதாயிரம் ஓடியிருக்கு, பெடல் பஞ்சு மாதிரி இறங்குது. அண்ணன் கை அப்படி! தொழில் தெரிஞ்ச கை."

"இருபத்திரண்டு வருஷ சர்வீஸாச்சே" என்றார் பைலட்.

யோசித்துச் சொன்னதில்லை. யாராவது வண்டியைப் புகழ்ந்தால் அவர் வாய் இத்தனை வருஷமாகச் சொல்லிப் பழகிய வாக்கியம் அது. சொல்லி முடித்தபோது மனைவி எழுந்து, ஸ்டூலை மடக்கிச் சுவரோரம் வைத்துக்கொண்டிருந்தாள்.

"வெயில் ஏறுதுங்க. போலாம்" என்றாள்.

திரும்பும்போது அவர்தான் ஓட்டினார். மூன்றாவது சிக்னலில் நிறுத்தியபோது அவரே ஆரம்பித்தார்.

"அவன் சொன்னப்போ நீ சொல்லியிருக்கலாமே, நான்தான் ஓட்டினேன்னு."

"நீங்க சொல்லியிருக்கலாம்."

சிவப்பு விளக்கில் தொண்ணூறு விநாடி காட்டியது.

"இதுக்கா கோவம்?"

"இதுக்கு இல்ல." அவள் கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டே பேசினாள். "அன்னிக்கு ஏர்போர்ட்ல கைய நீட்டினீங்க."

"எதுக்கு நீட்டினேன்?"

"சாவிக்கு."

அவருக்கு ஞாபகம் வந்தது. பதினோரு மணி வெயில். டிராலியில் மூன்று பெட்டி. அவள் சிவப்புக் காருக்குப் பக்கத்தில் தனியாக நின்றுகொண்டிருந்தாள். பெட்டிகளை ஏற்றிவிட்டுக் கையை நீட்டினார். அவள் அந்தக் கையைச் சற்று நேரம் பார்த்தாள். உள்ளங்கையில் ஏதோ அழுக்கு போல என்று அவர் பேண்ட்டில் துடைத்துவிட்டு மறுபடியும் நீட்டினார். சாவி வந்தது. உட்கார்ந்ததும் முழங்கால் ஸ்டியரிங்கில் இடித்தது. சீட்டைப் பின்னுக்குத் தள்ளினார். கண்ணாடியைத் திருப்பினார். அவள் உயரத்துக்குப் போட்டிருந்த குஷனை எடுத்துப் பின்னால் எறிந்தார். அரை நிமிஷம்.

"மூணு மணி நேர ரோடு அது" என்றாள். "அதுக்கு முன்னாடி நான் ஹைவே பக்கம் போனதே இல்ல. நாலு ஞாயித்துக்கிழமை தனியா போய்ப் பழகினேன். மொத வாரம் டோல்கேட் வரைக்கும். அப்புறம் பாலம். பாலத்துல லாரி ஒட்டி வந்தப்போ ஓரங்கட்டி நிறுத்தி அழுதேன். அடுத்த வாரம் மறுபடியும் போனேன். இவ்வளவு வருஷம் போன்லயே சொல்லிக் குடுத்தீங்க. ஒரு தரம் பக்கத்துல உக்கார வெச்சு வீட்டுக்குக் கூட்டிட்டு வரணும்னு இருந்துது."

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தா குடுத்திருப்பேனே."

"அது கேட்டு வாங்கற விஷயமாங்க?"

பின்னால் ஹார்ன் அடித்தார்கள். பச்சை விழுந்து எவ்வளவு நேரமாயிற்றோ. தன் முதுகில் யாரையும் ஹார்ன் அடிக்க விட்டதில்லை என்பது பைலட்டின் பெருமை.

சிக்னல் தாண்டி ஓரமாக நிறுத்தினார். இறங்கி, சீட்டை முன்னால் இழுத்தார். பின்சீட்டுக்கு அடியில் கிடந்த குஷனைத் தேடி எடுத்து, தூசி தட்டிப் போட்டார். கண்ணாடியை மட்டும் தொடவில்லை. அவள் உயரம் அவருக்குத் தெரியவில்லை. "நீ ஓட்டு" என்றார்.

அவள் மறுக்கவில்லை. ஏறி உட்கார்ந்து, கண்ணாடியைத் திருத்தி, மெதுவாகக் கிளட்சை விட்டாள். வண்டி கிளம்பியதே தெரியவில்லை. இரண்டு தெரு போயிருப்பார்கள்.

"கால்" என்றாள்.

"என்ன?"

"பிரேக் மிதிக்கிறீங்க."

குனிந்து பார்த்தார். அவர் கால் வெறும் தரையை அழுத்திக்கொண்டிருந்தது. எடுத்துக்கொண்டார். அடுத்த திருப்பத்தில் மறுபடியும் அழுத்தினார். எதிரே ஒரு சைக்கிள் வந்தபோது வாய்க்குள் ஸ்ஸ் என்றார். அவள் வண்டியை ஒரு மருந்துக்கடை வாசலில் நிறுத்தினாள்.

"வேணாங்க. கோவத்துல சொல்லலை. நீங்க உக்கார்ந்தா எனக்குக் கை நடுங்குது." ஸ்டியரிங்கின் மேலிருந்து கையை எடுத்துக் காட்டினாள். நடுங்கியது. "அன்னிக்கு நடுங்கியிருக்காது."

இறங்கி இந்தப் பக்கம் வந்தாள். பைலட் அந்தப் பக்கம் போனார். சீட்டைப் பின்னுக்குத் தள்ளாமல், முழங்காலை மடக்கிக்கொண்டு வீடு வரைக்கும் ஓட்டினார். அதை அவள் கவனித்தாள்.

மறுநாள் அந்தச் சாம்பல் நிறக் காரையே எடுத்தார்கள். பேரம் பேசும்போது, சிவப்புக் காரைக் காட்டி, "அது அவ வண்டி. அந்தக் கிளட்ச் அவ கை" என்றார் பைலட். புரோக்கர், "அப்படிங்களாக்கா?" என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துக்குப் பேனாவை நீட்டினார். சொல்ல வேண்டிய நேரம் தாண்டிச் சொன்னால் அவ்வளவுதான் எடுபடும்.

அடுத்த மாதம் மகளைப் பார்க்கக் கிளம்பினார்கள். மகளுக்குப் பிரசவம் ஆகியிருந்தது. மனைவி பத்து நாள் தங்குவதாக ஏற்பாடு, அவர் மறுநாளே சவாரிக்குத் திரும்ப வேண்டும். ஆகவே இரண்டு கார். தையல்காரர் மாடியைப் பார்த்துக் கத்தினார்: "என்ன பைலட், ஆளுக்கொரு வண்டி? ஊர்வலமா?"

சிவப்புக் கார் முன்னால் போனது. பைலட் பின்னால் போனார்.

அவள் ஓட்டுவதை அப்போதுதான் பார்த்தார். திருப்பத்துக்கு ரொம்ப முன்னாலேயே இண்டிகேட்டர் போட்டாள். லாரிக்கு இடம் விட்டாள், பயந்து அல்ல, போகட்டும் என்று. வேகத்தடை வரும்போது சிவப்பு விளக்கு ஒரு தரம் மினுங்கியது, இன்னொரு தரம் மினுங்கியது, பிறகு நிலையாக எரிந்தது. அவருக்குத் தெரியட்டும் என்று.

பாதி வழியில் டீக்கடையில் நிறுத்தினார்கள்.

"நல்லா ஓட்டற" என்றார்.

"பின்னாடி இருந்து என்ன தெரியுது?"

"தலை தெரியுது. பிரேக் லைட் தெரியுது."

"அது போதும்" என்று டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு அவள் காருக்குப் போனாள்.

பாலம் தாண்டியதும் ஏர்போர்ட்டுக்குப் பிரியும் சாலை வந்தது. பெரிய நீலப் பலகை. அந்த இடத்தில் சிவப்புக் கார் கொஞ்சம் வேகம் குறைத்தது. பலகையைப் பார்த்தாளா, முன்னால் போன வண்டிக்காகவா என்று பின்னாலிருந்து சொல்ல முடியாது. பிறகு நேராகப் போனது. பைலட் பக்கத்து சீட்டைப் பார்த்தார். குழந்தைக்கு வாங்கிய கொசுவலை அதில் கிடந்தது. அவரும் நேராகப் போனார்.