மாட்டை மாற்றாமல் விட்டவள்

கேரள எல்லைக்குள் இருக்கும் மீனாட்சிபுரத்தில் மயிலாத்தாளும் நானும் ஒரே பெஞ்சு. பள்ளியில் பாடமெல்லாம் மலையாளம். தமிழுக்கு ஒரு பீரியடு. எனக்கு அது போதுமாக இருந்தது. அவளுக்குப் போதவில்லை. கிழித்த காலண்டர் தாள்களின் பின்பக்கம் கதை எழுதுவாள். ஐந்தாம் வகுப்பில் அவள் எழுதிய கதையில் எங்கள் தலைமையாசிரியர் கிணற்றில் விழுந்து செத்துப்போனார். நான் சிரித்துவிட்டேன். "அங்க அழோணும் புள்ள" என்று இரண்டு நாள் பேசவில்லை.

பத்தாவதோடு அவளை நிறுத்திவிட்டார்கள். நான் சித்தூரில் கல்லூரிக்குப் போனேன். அங்கிருந்து கொண்டுவரும் புத்தகங்களைப் பால் கறந்த கை காய்வதற்குள் வாங்கிக்கொள்வாள். பத்திரிகைகளுக்கு அவள் அனுப்பிய கதைகள் கோயம்புத்தூரிலிருந்து திரும்பி வந்தன. ஒன்றில் மட்டும், "தமிழ் தெரிந்தவரிடம் திருத்தி வாங்கி அனுப்பவும்" என்று எழுதியிருந்தது. அவள் வீட்டில் வேறு மொழி பேசியதே இல்லை.

எங்கள் கல்யாணங்களில் இணைச்சீர் என்று ஒன்று உண்டு. மாப்பிள்ளைக்கும் உடன்பிறந்தவளுக்கும் நடுவே ஒரு சேலையை நீட்டிப் பிடித்து, ஒரு முனையை அவள் தோளில் போடுவார்கள். பிறந்த வீட்டில் அவளுக்கு என்றும் இடமுண்டு என்று ஊரறியச் சொல்லும் சீர். மயிலாத்தாளின் அப்பா சென்னியப்பனுக்கு அந்தச் சேலையைத் தோளில் வாங்கியவர் அவர் தங்கை மருதாத்தாள். சில வருடங்களில் புருஷனை இழந்து திரும்பி வந்தார். அவருக்குக் கிடைத்த இடம் மாடு கட்டும் சாளை. அந்த அத்தையின் கதையைத்தான் மயிலாத்தாள் நாவலாக எழுதினாள்.

எழுபத்தேழில் ஒரு மாதப் பத்திரிகை அதை முழுசாக வெளியிட்டது. அவள் பெயரும் ஊரும் அச்சில் இருந்தன. கதையில் ஆட்களின் பெயரை எல்லாம் மாற்றியிருந்தாள். சாளையில் அத்தைக்குப் பக்கத்தில் கட்டியிருந்த மொட்டைவால் செவலை மாட்டை மாற்றத் தோன்றவில்லை. பால் சொசைட்டி ஊரில் மனிதர்களைவிட மாடுகளை நன்றாகத் தெரியும்.

பத்திரிகை ஊருக்கு வந்த மறுநாள் காலை, பால் ஊற்ற வந்த சென்னியப்பனிடம் சொசைட்டி வாசலில் குப்பண்ணன் சத்தமாகக் கேட்டார்.

"ஏ மாப்ள, உன்ற ஊட்டு மொட்டவால் செவல புஸ்தகத்துல வந்திருக்குதாமா! சாளையில அதுக்குப் பக்கத்துல படுத்திருக்கறது ஆரு, உன்ற தங்கச்சியா?"

எல்லோரும் சிரித்தார்கள். சென்னியப்பன் பாலை ஊற்றாமலே திரும்பிவிட்டார்.

அடுத்த மாதம் மயிலாத்தாளின் அண்ணன் கந்தப்பனுக்குக் கல்யாணம். கூடப் பிறந்தவள் இவள் ஒருத்திதான். நான் அவர்கள் வீட்டில் இருக்கும்போதுதான் சென்னியப்பன் அவளைக் கூப்பிட்டார்.

"அம்முணி, அதைய நீ எழுதலீன்னு சொல்லீரு. ஆரோ உன்ற பேரப் போட்டுட்டாங்கன்னு நாஞ் சொல்லிக்கறன். சீருக்கு நீ வந்து நில்லு."

"நாந்தானுங்கப்பா எழுதுனன்."

"கந்தா, நீயாச்சுஞ் சொல்லு."

"சொன்னா என்ன கொறஞ்சு போச்சு? எனக்குனு நீ ஒருத்திதான் மயிலா."

அவள் மாட்டேன் என்று தலையாட்டினாள். பத்து வருடமாகக் கதைகளோடு திரும்பி வந்த பெயர் அது.

கல்யாணத்தன்று சேலை முனை சித்தப்பா மகள் சுப்பாத்தாளின் தோளில் விழுந்தது. மயிலாத்தாள் பந்திக்கு இலை நறுக்கிக்கொண்டிருந்தாள். மருதாத்தாளுக்குப் புதுச் சேலை உடுத்தி, வருகிறவர்கள் பார்க்கும்படி முன்கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்திருந்தார்கள். அதை மட்டும் அவள் இரண்டு தடவை நிமிர்ந்து பார்த்தாள்.

விருந்தாளிகள் போனதும் நாற்காலி உள்ளே போயிற்று. மருதாத்தாள் சாளைக்குத் திரும்பினார். கல்யாணத்துக்கு வருகிறவர்கள் பார்க்கக் கூடாதென்று செவலையை அந்த வாரமே பொள்ளாச்சிச் சந்தையில் விற்றிருந்தார்கள். மயிலாத்தாள் ஒரு தட்டில் விருந்துச் சோறு கொண்டுபோனாள். நானும் கூடப் போனேன். செவலையைக் கட்டியிருந்த வெறும் முளைக்குச்சியையே பார்த்துக்கொண்டிருந்தார் அத்தை.

"என்னையப் பத்தி எழுதறதுக்கு மின்ன ஒரு வார்த்த கேட்டியா கண்ணு? அந்தச் செவல இருந்தா ராத்திரிக்கு மூச்சுச் சத்தமாச்சும் கேக்கும்."

மயிலாத்தாள் தட்டை வைத்தாள். அத்தை அதைத் தொடவில்லை.