பல்செட்காரர் கழுவாமல் விட்ட ஏழு நாள்

பல்செட்காரருக்கு ஊரில் பாதிப் பேரின் சிரிப்பு தெரியும், முகம்தான் தெரியாது. பல் ஆஸ்பத்திரியின் பின்னறையில் இருபத்தாறு வருஷமாகப் பொய்ப்பல் செய்கிறார். முன்னறையில் டாக்டர் அச்செடுத்து அனுப்புவார். இவர் அதை வார்த்து, மெழுகில் பல் நட்டு, ராவி, மெருகேற்றி, கிருமிநாசினியில் முக்குவார். பிறகு வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி முக்குவார். இன்னொருத்தர் வாய்க்குள் போகிற சாமான், சுத்தம் வேண்டாமா? நியாயம்தான். ஆனால் வீட்டுக்கு வந்தாலும் கை அடங்காது. கதவுப்பிடி, டிவி ரிமோட், டம்ளரின் அடிப்பக்கம், எதுவும் தப்பாது. சின்ன வயசில் அவருடைய அக்கா வைத்த பேர் ‘சோப்பு’. ஐம்பத்து மூன்று வயசாகியும் அது கரையவில்லை.

அந்த அக்கா நாலு மாசமாக அவர் வீட்டில்தான் இருக்கிறார். லிஃப்ட் மெக்கானிக்காக இருந்த மாமா ஒரு மத்தியானம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், எழுந்திருக்கவில்லை. தம்பி போய் அக்காவைப் பெட்டியோடு கூட்டி வந்துவிட்டார். வேலை கிடைத்து வெளியூர் போன மகளின் அறை காலியாக இருந்தது. அறையோடு இலவச இணைப்பாக ஒரு கண்ணாடித் தொட்டியும், அதற்குள் இரண்டு ஜெர்பில்களும் அக்காவுக்குக் கிடைத்தன.

ஜெர்பிலை எலி என்றால் மகளுக்குக் கோபம் வரும், அணில் என்றால் அணிலுக்கே கோபம் வரும். உள்ளங்கையில் அடங்குகிற உடம்பு, வால் நுனியில் குஞ்சம். நாள் முழுக்கக் குழி தோண்டும், அட்டையைக் கடித்துத் தூளாக்கும், பயந்தால் பின்னங்காலால் தரையில் தாளம் போடும். ஒன்று மிளகு, இன்னொன்று கடுகு. இரண்டும் ஆண், கூடப் பிறந்தவை.

ஒரு நாள் காலையில் கடுகு விறைத்துக் கிடந்தது. அதோடு மிளகு தோண்டுவதை நிறுத்திவிட்டது. மூலையில் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டது. சூரியகாந்தி விதை போட்டால் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மகள் போனில் அழுதாள். “ஒத்தையா விட்டா மிளகும் போயிடும்பா. ஒரு ஜோடி சேர்த்து விடுப்பா. எனக்காக.”

“நான் பார்த்துக்கறேம்மா” என்றார் பல்செட்காரர். அவர் லேசில் வாக்குக் கொடுக்கிற ஆள் இல்லை. கொடுத்தால் தூக்கம் போய்விடும்.

பிராணிக் கடைக்காரர் ஒரு குட்டியை எடுத்துக் கொடுத்தார். “இதுவும் ஆண்தான் சார். பொண்ணு குடுத்தா ஆறே மாசத்துல வீட்டை அதுங்க பேருக்கு எழுதி வெச்சுட்டு நீங்க கிளம்ப வேண்டியதுதான்.” பிறகு சிரிப்பை மடித்து வைத்துவிட்டுச் சொன்னார்: “எடுத்ததும் ஒண்ணா விட்டுடாதீங்க, பெருசு குட்டியக் கொன்னுடும். நடுவுல வலை வைங்க. தினம் மூணு வாட்டி இதை அந்தப் பக்கமும் அதை இந்தப் பக்கமும் மாத்துங்க. ஒரு வாரம் கழிச்சு வலைய எடுங்க. பதினஞ்சு நாளைக்குள்ள ஒத்துவரலைன்னா குட்டியக் கொண்டாந்துடுங்க.” எல்லாவற்றையும் பில்லின் பின்பக்கத்தில் எழுதியும் கொடுத்தார்.

குட்டிக்குச் சீரகம் என்று பேர் வைத்தாயிற்று. பல்செட்காரர் தொட்டிக்கு அளவெடுத்து இரட்டை வலை செய்தார். கம்பி முனை ஒவ்வொன்றையும் பல் ராவுகிற அரத்தால் ராவினார், பாதத்தில் குத்தக்கூடாதே. காலை, மாலை, படுக்கப் போகுமுன் என்று மணி அடித்தாற்போல் பக்கம் மாற்றினார். ஒரு வேளைகூடத் தப்பவில்லை.

எட்டாம் நாள், தோல் கையுறையை மாட்டிக்கொண்டு வலையை உருவினார்.

மிளகு முன்னே வந்து சீரகத்தை மோந்தது. அடுத்த நொடி இரண்டும் ஒரே பந்தாக உருண்டன. எது தலை எது வால் என்று தெரியவில்லை. நடுவில் கையை விட்டார். கையுறையைத் தாண்டி விரலில் ஒரு பல் இறங்கியது. இருபத்தாறு வருஷத்தில் அவரைக் கடித்த முதல் பல் அதுதான். பிரித்து எடுத்தபோது சீரகத்தின் காதோரம் சிவந்திருந்தது. மிளகு காலால் தாளம் போட்டுக்கொண்டே இருந்தது.

வலையைத் திரும்பச் செருகிவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

“நாளைக்குத் திருப்பிக் கொடுத்துடறேன்க்கா. பாவம் குட்டி, செத்துடும்.”

“பொண்ணுக்கு என்ன சொல்லுவ?”

பல்செட்காரர் கடைக்காரரின் பில்லை எடுத்து நீட்டினார்.

அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு பில்லைத் திருப்பிப் படித்தார். ஒரு தரம், இரண்டு தரம். “டேய் சோப்பு, மாத்தறப்பெல்லாம் நீ என்ன பண்ணின?”

“அடியில பரப்பின மரச்சீவலை எடுத்துக் கொட்டிட்டு, தொட்டிய மருந்து போட்டுத் துடைச்சுப் புதுச் சீவல் போட்டேன்.”

“மூணு வாட்டியும்?”

“பின்ன? அழுக்கோட விடச் சொல்றியா?”

“இதுல மாத்துன்னுதான் போட்டிருக்கு. கழுவுன்னு எங்கடா போட்டிருக்கு?”

“அதெல்லாம் எழுதியா குடுப்பாங்க?”

“அட மண்டு! அதுங்க மூக்காலதான் ஆளைப் பார்க்கும். ஒருத்தன் படுத்த இடத்துல இன்னொருத்தன் படுத்தாத்தான வாசனை பழகும்? நீ தினம் அடையாளத்தை அழிச்சு அழிச்சு வெச்சிருக்க. எட்டு நாளா பக்கத்துல இருந்தும் அதுங்களுக்கு இன்னிக்குத்தான் முதல் சந்திப்பு.”

பல்செட்காரர் தொட்டியைப் பார்த்தார். அக்கா சொன்ன வேறொன்று மண்டைக்குள் ஓடியது. சொன்னதும் இல்லை, சொல்லாமல் விட்டது.

அக்கா வந்த மூன்றாம் நாள். கதவுக்குப் பின்னால் மாமாவின் வேலைச் சட்டை தொங்கியது. தோளெல்லாம் கிரீஸ். பாவம், அக்காவுக்குத் துவைக்க மனசு வரவில்லை போல என்று இவரே எடுத்து மூன்று தரம் ஊறப்போட்டு, கறை சுத்தமாகப் போகும்வரை தேய்த்து, இஸ்திரி போட்டுக் கொடுத்தார். அக்கா வாங்கி முகத்தருகே கொண்டுபோனார். மோந்தார். “நல்லா வெளுத்திருக்கு” என்றார். மடித்துப் பெட்டிக்குள் வைத்தார். அப்புறம் நாலு மாசமாகத் தேவைக்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. இவர் அதைத் துக்கம் என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

மூக்காலதான் ஆளைப் பார்க்கும்.

“அக்கா...” என்றார். “மாமா சட்டை...”

அக்கா பில்லையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “இன்னும் ஏழு நாள் இருக்கு. மொதல்லேர்ந்து ஆரம்பி” என்றார். குரல் மட்டும் கொஞ்சம் ஈரம். “அந்தத் துணியக் கீழ வை மொதல்ல.”

கையில் துடைக்கிற துணி இருந்தது அவருக்கே அப்போதுதான் தெரிந்தது.

ஏழு நாள் பல்செட்காரர் பட்ட பாடு அந்த மருந்து பாட்டிலுக்குத்தான் தெரியும். தொட்டியில் புழுக்கை குவிந்தது, கண்ணாடியில் பாதத்தடம் படிந்தது, அறையில் ஒரு வாடை சுற்றியது. இவர் வாசல்வரை வருவார், கை தானாக எழும், பேண்ட் பாக்கெட்டுக்குள் போட்டுக்கொள்வார். அக்கா வேண்டுமென்றே, “சோப்பு, அந்த மூலையப் பாரேன், என்னமா மணக்குது” என்பார். நாலாம் நாள் மிளகு வலையோரம் படுத்தது. மறுநாள் சீரகம் அந்தப் பக்கம் அதே இடத்தில், முதுகோடு முதுகாக. ஆறாம் நாள் மிளகு தோண்ட ஆரம்பித்தது.

கடைசி நாள் கையுறையை மாட்டிக்கொண்டு வலையை உருவினார். மிளகு வந்து மோந்தது. சீரகம் தலையைத் தாழ்த்தி அதன் தாடைக்கடியில் புகுந்தது. மிளகு யோசித்தது. பிறகு, கடித்து வைத்த அதே காதோரத்தை நக்க ஆரம்பித்தது.

இரண்டு மணி நேரம் பல்செட்காரர் கையுறையைக் கழற்றவில்லை. இரண்டும் ஒரே குழியில் ஒன்றின் மேல் ஒன்றாகச் சுருண்ட பிறகுதான் மகளுக்கு வீடியோ கால் போட்டு போனைத் தொட்டிப் பக்கம் பிடித்தார்.

“ஐயோ அப்பா! ஒண்ணா தூங்குதுங்க!” என்று கத்தியவள், உடனே, “ஆமா, கண்ணாடி ஏம்ப்பா இவ்வளவு அழுக்கா இருக்கு? நம்ம வீடுதானா இது?” என்றாள்.

“இருக்கட்டும்மா.”

“யாரு, நீயா பேசற?”

பின்னால் கட்டிலில் உட்கார்ந்திருந்த அக்கா சிரித்துவிட்டார். நாலு மாசத்தில் அந்த அறைக்குள் கேட்ட முதல் சிரிப்பு. பல்செட்காரர் திரும்பிப் பார்த்தார். வரிசையான சொந்தப் பல், மேல்வரிசையில் மட்டும் ஓர் ஓட்டை. அதற்கு ஒன்று செய்து தரலாமா என்று வாயெடுத்தவர், வேண்டாம் என்று விட்டுவிட்டார்.